மார்ச் பதினைந்து, நண்பகல் பன்னிரண்டு மணி

"நீர் டொக்டருக்குப் படிச்சனீரோ பிள்ளை? இல்லைத்தானே. பிறகென்னெண்டு டொக்டருக்குப் படிக்கப்போற பிள்ளைக்கு நீர் வழி சொல்லுவீர்?"

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் ஓர் உயர்தரப் பாடசாலையின் சின்ன அறையில், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒரு தந்தை என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்கு அப்போது முப்பது வயது.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. உயர்தரம் முடிக்கப்போகும் மாணவர்களுக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த வழியால், எப்போது விண்ணப்பிக்கலாம் என்று விளக்குகிற படிப்பு வழிகாட்டியாக ஏழு வருடங்கள் வேலை செய்தேன். எங்கள் அலுவலகம் ஓகூஸில் இருந்தது. வாரத்தில் மூன்று நாட்கள் சுற்றியுள்ள ஊர்களின் பாடசாலைகளுக்குப் போவோம். இந்த வருடம் அந்த வேலையிலிருந்து விலகினேன். என் இடத்துக்கு வந்தவள் ஒரு தமிழ்ப்பிள்ளை. கோப்புகளைக் கையளித்த அன்று அவள், "அக்கா, கோப்பில இல்லாததையும் எழுதித் தந்திட்டுப் போங்கோ" என்றாள். ஓய்வூதியம் எடுப்பவர்கள் எழுதுகிற மாதிரிக் கட்டுரையை முப்பத்துநான்கு வயதில் எழுதச் சிரிப்பு வருகிறது. ஆனாலும் கேட்டுவிட்டாள். எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. என் அப்பா யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அம்மா அதற்கும் முன்னால். டென்மார்க்குக்கு வந்தபின் ஹேர்னிங் என்ற ஊரில் அப்பா துணித் தொழிற்சாலையில் வெட்டுமேசையில் நின்றார். அம்மா பாடசாலைகளைத் துப்புரவு செய்தார். இரண்டு பக்கக் குடும்பத்திலும் உயர்தரம் முடித்த முதல் ஆள் நான். எனக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்தது புள்ளிகளால் மட்டுமே. அனுமதிக் கடிதத்தை அப்பா தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார். கூட வேலை செய்த டேனிஷ்காரர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் அதை எல்லோருக்கும் உரக்க வாசித்தாராம். அப்பாவுக்கு அது ஏற்கெனவே மனப்பாடம்.

அந்தப் பெருமை எனக்கு இன்றும் உண்டு. ஒளிக்க மாட்டேன். ஆனால் அதே பெருமை ஒருமுறை என் வேலைக்குக் குறுக்கே வந்து நின்றது. இங்கே சொல்லப்போவது அதைத்தான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வருடம் மற்றவர்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டிருந்து கேட்டேன். சட்டங்களை மனனம் செய்தேன். அவ்வளவுதான்.

வேலையின் சாரம் இதுதான். டென்மார்க்கில் பல்கலைக்கழகத்துக்குள் போக இரண்டு வழிகள் உண்டு. முதலாவது கோட்டாவில் பார்ப்பது உயர்தரப் புள்ளிகளை மட்டும். அதற்கு ஜூலை ஐந்து வரை நேரம் இருக்கிறது. இரண்டாவது கோட்டாவுக்கு முந்தியே விண்ணப்பிக்க வேண்டும். மார்ச் பதினைந்து, நண்பகல் பன்னிரண்டு மணி. ஒரு நிமிடம் பிந்தினாலும் கதவு அடுத்த மார்ச் வரை மூடிவிடும். இந்த வழியில் புள்ளிகளுக்கு அப்பாலும் பார்ப்பார்கள். சில படிப்புகளுக்குத் தேர்வு, சிலதுக்கு நேர்முகம், சிலதுக்கு வேலை அனுபவம், சிலதுக்கு இவை எல்லாமே. மருத்துவம் போல நெரிசலான படிப்புகளில் இந்த முந்திய வழியால் உள்ளே போகிறவர்கள் நிறையப் பேர். மார்ச்சில் விண்ணப்பித்து இரண்டாவது வழியில் கிடைக்காவிட்டாலும், ஜூலையில் புள்ளிகளின் வரிசையில் அதே விண்ணப்பத்தை மறுபடி பார்ப்பார்கள். ஆகவே முந்திப் போடுவதால் பிந்திய கதவு மூடாது. இந்தக் கடைசி வசனத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்பேன்.

எங்கள் பகுதிக்குத் தலைவி கிர்ஸ்டன். ஐம்பது வயது கடந்தவர், உயரமானவர், வேலை மேசையில் இருந்தபடியே கறுத்த ரை ரொட்டி சாப்பிடுவார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் ஏசியதும் இல்லை. அவர் வைத்திருந்தது ஒரே ஒரு நடைமுறை. ஒவ்வொரு மாணவரோடும் பேசி முடித்ததும் மூன்று வரி எழுத வேண்டும். முதல் வரியில் மாணவர் கேட்ட கேள்வி, அவருடைய சொற்களிலேயே. இரண்டாவது வரியில் நாங்கள் சொன்ன பதில். மூன்றாவது வரியில் மாணவர் அடுத்து என்ன செய்யப்போகிறார், எந்தத் தேதியில். வியாழக்கிழமை பின்னேரம் எல்லோரும் வட்டமாக இருந்து, பெயர்களை மறைத்து, அவற்றை வாசிப்போம். வாசிக்கும்போது கிர்ஸ்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைப்பார். ஏதாவது பிசகு என்றால், "திரும்ப வாசி" என்பார். வேறொன்றும் சொல்ல மாட்டார். இரண்டாம் முறை வாசிக்கும்போது வாசிக்கிறவருக்கே பிழை தெரிந்துவிடும். பெரும்பாலும்.

மூன்றாம் வருடம் ஜனவரியில், ரண்டர்ஸ் பாடசாலையில், என்னோடு பேச ஒரு தமிழ்ப்பிள்ளை பதிவு செய்திருந்தாள். அவளைச் சாருகா என்று அழைக்கிறேன். இறுதி வருடம். டென்மார்க்கிலேயே பிறந்தவள். ஒரு வசனத்தைத் தமிழில் தொடங்கி டேனிஷில் முடிப்பாள். அவளுக்கு மருத்துவம் படிக்க வேண்டும். நல்ல புள்ளிகள், ஆனால் மருத்துவத்துக்கு வழமையாகத் தேவைப்படுகிற எல்லைக்குக் கொஞ்சம் கீழே. மே, ஜூன் பரீட்சைகளில் மிக நன்றாகச் செய்தால் எட்டலாம். எட்டாமலும் போகலாம்.

"மார்ச்சில போட்டா சனம் என்ன நினைக்கும் அக்கா?" என்று கேட்டாள். "அப்பா சொல்லுறார், அது மார்க்ஸ் இல்லாத ஆக்களுக்காம்."

அவளுக்கு நான் சொன்ன பதில் இன்றும் வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "உன்ர மார்க்ஸ் நல்ல மார்க்ஸ். மார்ச்சில போட்டா அந்தத் தேர்வுக்கும் நேர்முகத்துக்கும் ஏப்ரல், மே முழுக்கப் போயிடும். பரீட்சைக்குப் படிக்கிற நேரம் அது. நீ நேர்வழியாலேயே போ. என்னைப் பார், நானும் அப்பிடித்தான் போனனான்."

சாருகா தலையாட்டினாள். நான் மூன்று வரிகளையும் எழுதினேன். மூன்றாவது வரி: ஜூலைவரை காத்திருப்பாள்.

அந்த வியாழக்கிழமை அதை வாசித்தேன். கிர்ஸ்டன் கண்ணாடியை மடித்தார்.

"திரும்ப வாசி."

திரும்ப வாசித்தேன். எனக்குப் பிழை ஒன்றும் தெரியவில்லை. நேரத்தைப் பற்றி நான் சொன்னது உண்மைதான். அப்படியே சொன்னேன்.

"அந்த மாணவி கேட்டது, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று," என்றார் கிர்ஸ்டன். "நீ சொன்ன பதில் உன்னைப் பற்றியது."

அந்தப் பின்னேரம் பெற்றோரைப் பார்க்க ஹேர்னிங்குக்குக் காரோட்டிப் போனேன். வழி முழுக்கக் கோபம். இவருக்கு என்ன தெரியும்? இவரின் தகப்பனும் பாட்டனும் படித்தவர்கள். ஒரு புள்ளி எங்களுக்கு என்ன பெறுமதி என்று இவருக்கு எப்படி விளங்கும்? சில்கபோர் ஊரைத் தாண்டும்வரை இப்படியே மனதுக்குள் வாதாடிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அந்த வாரம் ஆறு டேனிஷ் பிள்ளைகள் இதையே கேட்டிருந்தார்கள். ஆறு பேருக்கும், முந்திப் போட்டால் பிந்திய கதவு மூடாது, ஆகவே போட்டுவை, நேரத்தை எப்படிப் பங்கிடலாம் என்று சேர்ந்து பார்ப்போம் என்றுதான் சொல்லியிருந்தேன். தமிழ்ப்பிள்ளைக்கு மட்டும் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. அவளை எங்கள் பெருமைக்குள் இழுத்து வைத்திருந்தேன். இரண்டாவது கோட்டாவால் போகிற ஒரு தமிழ்ப்பிள்ளை எனக்குமே ஒரு படி கீழேதான் தெரிந்திருக்கிறாள்.

மறுநாள் காலையிலேயே சாருகாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான் உனக்குக் குறையாகச் சொல்லிவிட்டேன், இன்னொரு முறை பேசலாமா என்று எழுதினேன். பதில் வர நீண்ட நாட்கள் எடுத்தன. மார்ச் முதல் வாரத்தில்தான் வந்தாள்.

இந்த முறை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பதினாறு வயதிலிருந்து சனி, ஞாயிறு காலைகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாளாம். ஆட்களைக் குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது, காலைச் சாப்பாடு ஊட்டுவது. மருத்துவ ஆசை அங்கேதான் வந்தது. ஒரு முதியவருக்கு மூச்சு விடும் சத்தம் மாறியதை முதலில் கவனித்தவள் தான்தான் என்று அந்தச் சத்தத்தை எனக்குச் செய்து காட்டினாள்.

"இதை ஜனவரியில ஏன் சொல்லயில்லை?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கயில்லையே," என்றாள். பிறகு, "அதோட வெளியில சொல்லுறேல்லை அக்கா. சனிக்கிழமை காலமை நான் டியூஷனுக்குப் போறனெண்டுதான் அம்மா எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா," என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை வீடுகளில் இது நடக்கிறது! தாயும் தகப்பனும் முதியோர் இல்லங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து வீடு வாங்கியிருப்பார்கள். பிள்ளை அதே வேலையில் இரண்டு மணித்தியாலம் நின்றால் மட்டும் வெளியே சொல்லக் கூடாது.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. விண்ணப்பத்தை அவளே தன் கைத்தொலைபேசியில் உறுதிப்படுத்தி அனுப்பலாம். தகப்பனின் கையெழுத்து எங்கேயும் தேவையில்லை. அதைச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள் டேனிஷில். "ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் போட மாட்டேன். நீங்கள் அவரோடு கதைப்பீர்களா?"

நாங்கள் பெற்றோரை அழைப்பதில்லை. மாணவர் வயதுக்கு வந்தவர், பேச்சு அவரோடுதான். கிர்ஸ்டனிடம் கேட்டேன். "அவளாகக் கேட்டாளா? அப்படியானால் முதல் வரியில் அதை எழுது. பிறகு போ. அவளும் அறையில் இருக்க வேண்டும்" என்றார்.

சாருகாவின் தந்தை வந்தது மார்ச் பதினான்காம் தேதி பின்னேரம். யோகன் மாமா. இறைச்சித் தொழிற்சாலையில் பாரந்தூக்கி வாகனம் ஓட்டுபவர். வேலை முடிந்து நேரே வந்திருந்தார். மறுநாள் நண்பகலோடு நேரம் முடிகிறது. உட்கார்ந்ததும் கேட்டதுதான் நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கேள்வி.

"இல்லை மாமா, நான் டொக்டருக்குப் படிக்கயில்லை. கதவு எங்கெங்க இருக்கெண்டு மட்டும் தெரியும்," என்றேன்.

"உந்தக் கோட்டாக் கதவைத்தானே? எனக்கும் தெரியும்." குரல் உயர்ந்தது. "என்ர அண்ணை எடுத்த மார்க்ஸுக்கு மெடிசின் கிடைச்சிருக்கோணும். கோட்டா எண்டு சொல்லித்தான் தள்ளிவிட்டவங்கள். அதுக்குப் பிறகு அந்த மனிசன் புத்தகத்தைத் தொடயில்லை. என்ர பிள்ளை கோட்டாவால போனவள் எண்டு ஒருத்தன் சொல்லக் கூடாது. மார்க்ஸால போகட்டும். இல்லாட்டி வேற படிக்கட்டும்."

"அப்பா," என்று தொடங்கினாள் சாருகா. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். இலங்கையில் மாவட்டவாரியாக இடம் பங்கிட்ட கோட்டாவுக்கும் இந்தக் கோட்டாவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காகிதத்தில் கீறி விளக்கியிருக்கலாம். அதற்கென்று படமும் வைத்திருந்தேன். எடுக்கவில்லை. அவர் பேசியது தன் அண்ணனைப் பற்றி. அதற்குப் படம் பதில் ஆகாது.

"மாமா, நானும் உங்களைப் போலத்தான் நினைச்சனான்," என்றேன். "ஜனவரியில உங்கட மகளுக்கு நான்தான் சொன்னனான், மார்ச்சில போடாதை எண்டு. பிழையாச் சொல்லிப்போட்டன்."

அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"சனிக்கிழமையில சாருகாவை வேலைக்கு ஆர் கொண்டுபோய் விடுறது?"

"நான்தான். வேற ஆர்? பஸ் இல்லையே அந்த நேரம்."

"எத்தினை மணிக்கு?"

"ஆறரைக்கு அங்க நிக்கோணும். ஆறு மணிக்கு வெளிக்கிடுவம். பனி எண்டா அஞ்சரைக்கே கண்ணாடி சுரண்டத் தொடங்கோணும்."

"எத்தினை வருசமா?"

அவர் மகளைப் பார்த்தார். "ரெண்டு வருசம் வரும் என்னம்மா?"

"ரெண்டரை," என்றாள் சாருகா.

"உங்கட அண்ணைக்கு நடந்ததில, அவர் உழைச்சு எடுத்த மார்க்ஸை எண்ணாமல் விட்டவங்கள். அதுதானே மாமா உங்கட கோவம்?" என்றேன். "இங்க ஜூலையில மார்க்ஸ் மட்டும்தான் எண்ணுவினம். உந்த ரெண்டரை வருசத்தை ஒருத்தரும் கேக்க மாட்டினம். மார்ச்சில போட்டாத்தான் அதையும் சேத்து எண்ணுவினம். அந்த வேலையையும் எண்ணச் சொல்லித்தான் நான் கேக்கிறன்."

அவர் மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினார். பிறகு மகளிடம், "உனக்கு என்ன விருப்பம்? நீ சொல்லு," என்றார். சாருகா டேனிஷில் பதில் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, தமிழில் சொன்னாள். "எனக்குப் போடோணும் அப்பா. கிடைக்காட்டியும் போடோணும்."

"அப்ப போடு. அழாதை. ரெண்டு பேரும் அழாதேங்கோ."

நான் அழவில்லை என்றுதான் இன்றும் சொல்லுவேன்.

அடுத்து அவளுடைய பட்டியலைப் பார்த்தோம். எட்டு வரி நிரப்பலாம். மேலிருந்து கீழாக, எதற்கு முதலில் தகுதி வருகிறதோ அந்த ஓர் இடத்தைத் தருவார்கள். மூன்று வரியில் மூன்று நகரங்களின் மருத்துவம் இருந்தது, மீதி வெறுமை. வேறொன்றை எழுதினால் மருத்துவத்தில் உறுதி இல்லை என்று நினைத்துவிடுவார்களாம். எங்கள் ஆட்களின் பட்டியல்களில் நான் அடிக்கடி கண்ட பிழை இது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு மற்ற வரிகளில் என்ன இருக்கிறதென்று கவலை இல்லை என்று விளக்கினேன். நான்காவது வரியில் தாதியியல் சேர்ந்தது. யோகன் மாமா முகத்தைச் சுளித்தார், ஆனால் தடுக்கவில்லை.

மிஞ்சியது ஒன்றுதான். முதியோர் இல்லத்தில் எத்தனை மணித்தியாலங்கள் வேலை செய்தாள் என்ற சான்றிதழ். சாருகா அதுவரை கேட்டிருக்கவில்லை. கேட்டால் விண்ணப்பிக்கப்போவது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். மறுநாள் காலை பதினொரு மணிவரை அவளுக்குப் பாடசாலையில் ஒரு பரீட்சை வேறு இருந்தது. "நான் வாங்கித் தாறன்" என்றார் தகப்பன்.

அந்தக் காலையில் நடந்ததைச் சாருகா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். இரண்டரை வருடமாக மகளை வாசலில் இறக்கிவிட்டு, காருக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புகிறவர், அன்று முதல் தடவையாக உள்ளே போயிருக்கிறார். பிரிவுத் தலைவி கூட்டத்தில் இருந்தாராம். காத்திருந்த மண்டபத்தில் ஒரு மூதாட்டி இவரைப் பார்த்து, "நீங்கள் சாருகாவின் அப்பாவா? அதே கண்கள்" என்று சொல்லிப் பக்கத்தில் இருத்திக் கோப்பி ஊற்றிக் கொடுத்தாராம். அந்த மூதாட்டியின் மகள் வெளிநாட்டிலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தலைவாரி விடுவது சாருகாதானாம். இவர் அரைகுறை டேனிஷில் ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தாராம். பத்தரைக்குத் தலைவி வந்து சான்றிதழில் ஒப்பமிட்டார். யோகன் மாமா அதைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார். முதல் படத்தில் அவருடைய பெருவிரல் பாதி எழுத்தை மறைத்திருந்தது. மறுபடி எடுத்து அனுப்பினார்.

நான் அன்று ஓகூஸ் அலுவலகத்தில் இருந்தேன். பதினொன்றரைக்குக் கிர்ஸ்டன் என் மேசைப் பக்கம் வந்து யன்னலைத் திறந்துவிட்டுப் போனார். பதினொன்று நாற்பத்தொன்றுக்குச் சாருகாவின் குறுஞ்செய்தி வந்தது. *அனுப்பிட்டன்.*

ஏப்ரலில் தேர்வு, மே மாதம் நேர்முகம், இடையில் எழுத்துப் பரீட்சைகள். நான் ஜனவரியில் பயமுறுத்தியது போலவே நேரம் நெருக்கத்தான் செய்தது. ஒரு பாடத்தில் அவள் எதிர்பார்த்ததைவிடக் குறைய வந்தது. புள்ளிகளால் மட்டும் என்றால் அந்த வருடம் அவளுக்கு எங்கேயும் மருத்துவம் கிடைத்திருக்காது. ஜூலை இறுதியில் முடிவு வந்தது. முதலாவது வரி கிடைக்கவில்லை. இரண்டாவது வரி, ஒடென்ஸ், மருத்துவம். வந்தது இரண்டாவது கோட்டாவால்.

யோகன் மாமா தொலைபேசி எடுத்தார். நன்றி என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. "பிள்ளை, இங்க எங்கட ஆக்கள் மூண்டு வீட்டில அடுத்த வருசம் முடிக்கிற பிள்ளையள் இருக்கினம். அவையின்ர தகப்பன்மாரை ஒருக்கா இருத்தி வைச்சுக் கதைக்கோணும். நான் கூட்டியாறன். கோப்பி என்ர பொறுப்பு." சொன்ன மாதிரியே ஒக்டோபரில் தன் வீட்டுக்குக் கூட்டி வந்தார். மகள் எங்கே வேலை செய்தாள், எத்தனை மணிக்கு எழும்பினாள் என்று அவரே தொடங்கினார். டியூஷன் கதையைச் சொல்லி வைத்திருந்த மனைவி சமையலறையில் இருந்து, "இப்ப எல்லாத்தையும் சொல்லுங்கோவன்" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் என் நாட்குறிப்பு தமிழ்ப் பெயர்களால் நிறைந்தது.

பிழையான பதில் ஒன்றைத் திருத்தச் சந்தர்ப்பம் கிடைப்பது இந்த வேலையில் அபூர்வம். பெரும்பாலும் மாணவர் திரும்பி வரமாட்டார், தேதி போய்விடும், எங்களுக்குத் தெரியவும் வராது. எனக்குக் கிடைத்தது. அதற்கு அந்தப் பிள்ளைக்கும், அறைக்குள் வந்து உட்கார்ந்த அவளுடைய தகப்பனுக்கும், என்னைத் திரும்ப வாசிக்கச் சொன்ன கிர்ஸ்டனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். கிர்ஸ்டனுக்குக் கடைசி நாளில் சொன்னேன். "சரி," என்றார். தன் தோட்டத்தில் விளைந்த புளிப்பு ருபாபுத் தண்டுகள் ஒரு பை நிறையத் தந்தார்.

ஏன் விலகினேன் என்று புதிதாக வந்தவள் கேட்டாள். பதினெட்டு வயதில் என்னிடம் வருகிறவர்களின் பட்டியல் பெரும்பாலும் பன்னிரண்டு வயதிலேயே வீட்டில் எழுதி முடிந்துவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருக்க விரும்பினேன். கடந்த மார்ச்சில் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். என் பழைய புள்ளிகளே தாராளமாகப் போதும், ஜூலை வரை பேசாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் இரண்டாவது கோட்டாவால் போட்டேன். மே மாதம் நேர்முகத்துக்குப் போனேன். வேலையில் விட்ட ஒரு பிழையைச் சொல்லும்படி மூன்று பேர் எனக்கெதிரே இருந்து கேட்டார்கள். சாருகாவுக்கு ஜனவரியில் சொன்ன பதிலைச் சொன்னேன். அதற்கு எத்தனை புள்ளி போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. இடம் கிடைத்தது. ஓகஸ்ட் கடைசியில் வகுப்புத் தொடங்குகிறது. நேற்றுப் போய் மாணவி என்று பதிந்து, பேருந்துச் சீட்டும் எடுத்துவிட்டேன்.